பழைய ரன்னிங் ஷூ வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் காலையில் ஓடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற தம்பிகள், ஃபுட்பால் ஆடுகிற பசங்க, டாக்டர் சொன்னாரென்று நடக்கத் தொடங்கி அப்படியே ஓட்டத்துக்கு வந்துவிட்ட அண்ணன்கள், அக்காக்கள். இவர்களில் பாதிப் பேருக்காவது முதல் ரன்னிங் ஷூ பழையதுதான். எல்லோருக்கும் வருகிற சந்தேகமும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் ஷூ வியாபாரி இல்லை. வாங்கிப் போட்டு ஓடுகிறவன், கூட ஓடுகிறவர்களோடு கடைக்குப் போகிறவன், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட்ல ரன்னிங் ஷூ வாங்கலாமா கூடாதாண்ணா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

வாங்கலாம். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ரன்னிங் ஷூவில் மேலே துணி, அடியில் ரப்பர், இரண்டுக்கும் நடுவில் ஃபோம். நாம் காசு கொடுப்பது அந்த நடு ஃபோமுக்குத்தான். ஒவ்வொரு அடிக்கும் அது அமுங்கி எழுகிறது. நாளாக நாளாக எழும்புவது குறையும். பழைய இலவம்பஞ்சு மெத்தை பார்க்க மெத்தையாகவே இருக்கும், படுத்தால்தான் தரை தெரியும். இதுவும் அப்படித்தான்.

பொதுவாக ஒரு ரன்னிங் ஷூவுக்கு 500-லிருந்து 800 கிலோமீட்டர் வரை ஆயுள் சொல்வார்கள். உடம்பு எடை, ஓடுகிற தரை, ஃபோமின் வகை ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். வாரம் 25 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவர் ஆறு மாதத்தில் 600 கிலோமீட்டரைத் தொட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் ஓடிவிட்டுக் கழற்றிப் போட்ட ஷூவில் துணி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நமக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. வாங்கி இரண்டு மாதம் ஓடிவிட்டு, சைஸ் சரியில்லை, முட்டி வலிக்கிறது என்று ஒருவர் விட்டுவிட்ட ஷூதான் நாம் தேடுவது.

எங்க போய் பாக்குறது? மூர் மார்க்கெட்டா, பர்மா பஜாரா?

பழையதுக்கு மூர் மார்க்கெட் பக்கம். பழைய கட்டடம் 1985-ல் எரிந்து போனாலும் பெயரும் வியாபாரமும் சென்ட்ரல் பக்கத்திலேயே தங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் தார்ப்பாய் விரித்து ஷூவைக் குவித்து வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். நல்ல ஜோடி சீக்கிரம் போய்விடும் என்பது ஒன்று, மத்தியானக் கூட்டத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று.

பர்மா பஜாரில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பழையது இல்லை, புது ‘ஃபர்ஸ்ட் காப்பி’, அதாவது பெரிய கம்பெனி ஷூவைப் போலவே செய்த போலி. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். பெரியமேட்டில் ஷூ கடைகளும் விளையாட்டுச் சாமான் கடைகளும் இருக்கின்றன. புது ஷூ என்ன விலை என்று தெரிந்துகொள்ளவாவது அங்கே ஒரு நடை போய் வாருங்கள். இது போக, கூட ஓடுகிறவர்களிடமே கேட்பது. என் கணக்கில் அதுதான் முதல் வழி. யார் போட்டது, எவ்வளவு ஓடியது என்று தெரியும்.

இதெல்லாம் எங்கேர்ந்து வருது? திருட்டு மாலா இருக்காதே?

பல வழியில் வருகிறது. பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் ஷூவையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். காயலான் கடைக்கு வருகிறதில் நல்லதைப் பொறுக்கி எடுப்பவர்கள் உண்டு. கடையில் விற்காமல் தங்கியதும் வரும்.

திருட்டு மாலும் கலந்து வரலாம். கோயில் வாசல், மசூதி வாசல், அபார்ட்மெண்ட் படிக்கட்டு, இங்கெல்லாம் ஷூ காணாமல் போவது நமக்குத் தெரியாததா? திருட்டு என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ ஒரு பொருளை வாங்குவது குற்றம். முன்பு இ.பி.கோ. 411, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 317-வது பிரிவு. நிரந்தரமாக ஒரே இடத்தில் கடை போடுகிறவரிடம் வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டு, பத்தாயிரம் ரூபாய் ஷூ, ஆயிரம் கொடு என்று அவசரப்படுத்துகிற ஆளைப் பார்த்தால் நடந்துகொண்டே இருங்கள்.

அடுத்தவங்க செருப்ப போட்டா அவங்க பீடை நமக்கு வந்துடும்னு அம்மா வாசல்லயே நிறுத்துறாங்க. என்ன சொல்றது?

கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று சந்தோஷப்படுகிற ஊர் இது. அந்தச் சனி யாரிடமாவது போய்ச் சேர வேண்டுமே என்று அம்மா கவலைப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வாதாடாதீர்கள். கழுவி, இன்சோலும் (உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தைத் தகடு) லேஸும் புதிதாக மாற்றிவிட்டு உள்ளே கொண்டு போங்கள். பெரும்பாலான அம்மாக்களுக்கு அழுக்கு போனால் பீடையும் போன கணக்குதான்.

கடைல நின்னுக்கிட்டே எப்படி செக் பண்றது? ஆள் அவசரப்படுத்துறாரு.

அவசரப்படுத்தினால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் கொடுக்காதவரிடம் வாங்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு காலின் லேபிளையும் பாருங்கள். குவியலில் ஒரு கால் 8, இன்னொரு கால் 8.5 என்று ஜோடி சேர்ந்திருப்பது நடக்கிற விஷயம். அடுத்து இன்சோலை வெளியே எடுங்கள். முன்னால் போட்டவருடைய பாதம் அதில் அப்படியே பதிந்திருந்தால் நிறைய ஓடியிருக்கிறார். இன்சோலுக்கு அடியில் மண் படிந்த கோடோ உப்புப் பூத்த வெள்ளையோ இருந்தால் தண்ணீரில் ஊறிய ஷூ. மழைக்காலத்தில் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் மிதப்பது செருப்பு ஸ்டாண்டுதான். அந்த ஷூ காய்ந்து வெளியில் சுத்தமாகத் தெரியும், பசை மட்டும் உள்ளே விட்டுப் போயிருக்கும்.

இப்போது ஃபோம். குதிகாலுக்கு நேர் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்புறம் பாதத்தின் வளைவு வருகிற இடத்தில் அதே மாதிரி அழுத்துங்கள். வளைவுப் பகுதியில் எடை குறைவாக விழுவதால் ஃபோம் அங்கே அதிகம் கெடாது. இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமுங்கி எழுந்தால் நல்லது. வளைவில் மெத்தென்றும் குதிகாலில் கட்டையாகவும் இருந்தால் வேலை முடிந்தது. ஃபோமின் பக்கத்தில் படுக்கை வாட்டில் ஆழமான சுருக்கங்கள் நிறைய இருப்பதும் அதே செய்திதான்.

பிறகு ஜோடியைச் சமதரையில் வைத்து, குனிந்து பின்னாலிருந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்க வேண்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால் வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள கெட்டியான பகுதியைப் பிடித்து அமுக்குங்கள், தொளதொளவென்று மடங்கக் கூடாது. கையை உள்ளே விட்டுக் குதிகால் பக்கத்துத் துணியைத் தடவுங்கள். அங்கே கிழிந்து பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் முதல் ஓட்டத்திலேயே கொப்புளம். கடைசியாக முன்பாதத்தை வளையுங்கள், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் ஷூ மடங்க வேண்டும். நட்டநடுவில் இரண்டாக மடிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அடி ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. பரவால்லையா?

குதிகாலின் வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருப்பது சாதாரணம், நிறையப் பேருக்கு அங்கேதான் முதலில் தரை படும். ரப்பர் தேய்ந்து ஃபோமே தெரிகிறது என்றால் விடுங்கள். இடதும் வலதும் வேறு வேறு மாதிரி தேய்ந்திருந்தாலும் விடுங்கள். அது முன்னால் போட்டவரின் நடை. அந்தச் சாய்வை உங்கள் முட்டிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

புத்தம் புதுசா இருக்கு, ஒரு நாள்கூட போட்ட மாதிரி தெரியல. 300 ரூபான்றான். எப்படிக் கட்டும்?

போடாததாகவே இருக்கலாம், ஆனால் எத்தனை வருஷமாகப் போடாமல் இருந்தது? ஷூ பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். பாலியூரிதேன் பாகங்கள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து உதிர்ந்துவிடும். பசையும் வலுவிழக்கும். கடற்கரை ஓர ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இன்றைய ஓட்ட ஷூக்களில் பரவலாக இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் அப்படி உதிராது, ஆனால் இறுகிப் போகும்.

லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குக்கு உள்ளே தைத்திருக்கும் லேபிளில் பல கம்பெனிகள் தயாரிப்புத் தேதி போடுகின்றன. இல்லாவிட்டால் அதில் இருக்கும் மாடல் எண்ணை ஃபோனில் தேடினால் எந்த வருஷத்து மாடல் என்று தெரிந்துவிடும். நான்கைந்து வருஷத்துக்கு மேல் என்றால், துணிக்கும் ஃபோமுக்கும் நடுவே நகத்தை விட்டுச் சுற்றிலும் நெம்பிப் பாருங்கள். எங்காவது விட்டுக் கொடுத்தால், நீங்கள் ஓடும்போது மொத்தமும் விட்டுக் கொடுக்கும்.

போன ஷூ 8, கரெக்டா இருந்துச்சு. இதுவும் 8 தான், கால் நுழையவே இல்ல.

எந்த 8 என்று பாருங்கள். நம் ஊரில் பேசுவது யு.கே. சைஸ். லேபிளில் யு.எஸ்., யு.கே., ஐரோப்பா, சென்டிமீட்டர் எல்லாம் இருக்கும். நைக்கி ஆண்கள் ஷூவில் யு.எஸ். 8 என்றால் யு.கே. 7. கடைக்காரர் கண்ணில் முதலில் பட்ட எண்ணைச் சொல்லியிருப்பார். யு.கே. எண்ணே கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: நைக்கியில் யு.கே. 8 என்பது 27 சென்டிமீட்டர், அடிடாஸில் 26.5.

அதனால் சென்டிமீட்டரை மட்டும் நம்புங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரில் குதிகாலை ஒட்டி ஒரு தாளின் மேல் நின்று அளந்து கொள்ளுங்கள். இரண்டு காலில் பெரிய காலின் அளவை எடுங்கள். அதைவிட அரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக லேபிளில் இருந்தால் ஓட வசதி. பிறகும் போட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் கிடந்த ஃபோம் சுருங்கியிருக்கக்கூடும். ஓடும்போது போடும் சாக்ஸைப் பையில் எடுத்துப் போங்கள்.

ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா? மேட் இன் இந்தியான்னு இருந்தா டூப்ளிகேட்தானே?

இல்லை. செய்யாறு சிப்காட்டிலேயே நைக்கிக்கு ஷூ செய்யும் ஆலை இருக்கிறது, நம் வடசென்னையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். வியட்நாம், இந்தோனேசியா, சீனா, இந்தியா, எந்தப் பெயர் இருந்தாலும் அதை வைத்து ஒரிஜினல் என்றோ போலி என்றோ சொல்ல முடியாது.

இரண்டு காலின் லேபிளிலும் மாடல் எண் ஒன்றாக இருக்கிறதா, அந்த எண்ணைத் தேடினால் கையில் இருக்கும் அதே ஷூ, அதே நிறத்தில் வருகிறதா என்று பாருங்கள். போலியில் எண் வேறு ஏதோ மாடலுடையதாக இருப்பது அடிக்கடி நடக்கும். லேபிளையே வெட்டி எடுத்திருந்தால் விலையைப் பாதியாக்கிக் கேளுங்கள், அல்லது விடுங்கள். போலி போட்டு நடக்கலாம், கல்யாணத்துக்குப் போகலாம், அது உங்கள் இஷ்டம். ஓடுவதற்கு மட்டும் வேண்டாம். வெளித்தோற்றத்தைத்தான் காப்பி அடிப்பார்கள், உள்ளே என்ன ஃபோம் போட்டார்கள் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

எவ்வளவு வரைக்கும் குடுக்கலாம்?

எம்.ஆர்.பி.யைப் பார்த்து மயங்காதீர்கள். கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். ஒரு பழைய ஷூ 800 ரூபாய், இன்னும் 300 கிலோமீட்டர் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு சுமார் 2 ரூபாய் 67 காசு. புதிதாக ஓர் எளிய ரன்னிங் ஷூ 1,500 ரூபாய், 500 கிலோமீட்டர் ஓடும் என்றால் 3 ரூபாய். பழையது லாபம் என்று தோன்றும். அதில் புது இன்சோல் 150, சோல் ஒட்டும் பேஸ்டிங் 100 சேர்த்தால் 1,050 ரூபாய், கிலோமீட்டருக்கு மூன்றரை. இப்போது புதியதுதான் மலிவு.

பழைய ஷூவின் போட்டி அதன் பழைய விலையோடு இல்லை, இந்த எளிய புது ஷூவோடுதான். என் வரம்பு: செலவெல்லாம் சேர்த்து எளிய புது ஷூவின் பாதி விலைக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போவது, முன்னால் போட்டவர் யார் என்று எனக்குத் தெரிந்தால் மட்டுமே.

வீட்டுக்கு வந்ததும் வாஷிங் மெஷின்ல போட்டுடவா?

வேண்டாம். சூடும் சுழற்சியும் பசைக்கு எதிரி. லேஸையும் இன்சோலையும் தனியாக எடுத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பக்கெட்டில் ஊற வைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் காய வையுங்கள். தாள் ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். மொட்டை மாடி வெயில் ஃபோமுக்கு ஆகாது, லேஸுக்கு மட்டும் சரி. நாற்றம் மிச்சமிருந்தால் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு ராத்திரி வைத்து, காலையில் தட்டிவிடுங்கள்.

சேத்துப்புண் ஒட்டிக்குமா? அப்பாவுக்கு சுகர் இருக்கு, அவருக்கும் ஒண்ணு பாக்கலாம்னு இருக்கேன்.

சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது, ஈரமான ஷூவுக்குள் அது தங்கியிருக்கக்கூடும். அதனால்தான் பழைய இன்சோலைக் கழுவிப் போடாமல் தூக்கி எறியச் சொல்கிறேன். முழுக்கக் காய்ந்த ஷூ, பூஞ்சைக்கான பவுடர், தினமும் துவைத்த சாக்ஸ், இவை இருந்தால் ஆரோக்கியமான காலுக்குப் பெரிய பயம் இல்லை. விரலிடுக்கில் அரிப்போ தோல் உரிதலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அப்பாவுக்குப் பழையது வேண்டாம். இதில் பேரமே இல்லை. சர்க்கரை நோய் நாளாகும்போது காலில் உணர்ச்சி குறையலாம். உள்ளே ஒரு தையல் உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. அவருக்குப் புதிதாக, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். காசு பற்றாவிட்டால் உங்களுக்குப் பழையது, அவருக்குப் புதியது.

ஒரே மாசத்துல சோல் வாயப் பொளந்துடுச்சு. தைச்சுப் போடலாமா?

முதலில் பேஸ்டிங், அப்புறம்தான் தையல். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுக்கும்போது, பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி சொல்லாமலே அப்படித்தான் செய்வார். மறுநாள் வரை போடாதீர்கள். நுனியில் மட்டும் விட்டிருந்தால் இதுவே போதும். சுற்றிலும் தைத்தால் உறுதி வரும், ஆனால் ஃபோமை நூல் இறுக்கிப் பிடிப்பதால் ஷூ விறைப்பாகிவிடும். நடைக்கு ஓகே, நீண்ட ஓட்டத்துக்கு இல்லை.

போலீஸ் செலக்‌ஷன்ல 1500 மீட்டர் ஓடணும். பழைய ஷூ போதுமா, இல்ல பெருசா ஏதாவது வாங்கணுமா?

போதும். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. அந்த வேகம் பயிற்சியில் வருவது. மேலே சொன்ன சோதனைகளில் தேறிய எந்த ஷூவும் சரி. கனமான கூடைப்பந்து ஷூவும் தட்டையான கேன்வாஸும் மட்டும் வேண்டாம். தேர்வுக்கு முந்தின வாரம் புதிதாக எதையும் மாற்றாதீர்கள், அது எவ்வளவு நல்ல ஷூவாக இருந்தாலும்.

பொண்ணு ஸ்கூல் மீட்ல 200 மீட்டர் ஓடுறா. பழைய ஸ்பைக்ஸ் கிடைக்குது, வாங்கலாமா சார்?

ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூவைப் பொறுத்தவரை பழையது நல்ல யோசனைதான். பிள்ளைகளுக்குக் கால் வளர்ந்துகொண்டே போவதால் அதிகம் தேயாமலே கைமாறும். ஃபோமும் அதில் அதிகம் கிடையாது, கெடுவதற்கு ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது ஆணிகளை. ராயபுரம், காசிமேட்டு உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து உள்ளேயே இறுகிவிடும். ஸ்பைக்ஸ் சாவியைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வோர் ஆணியையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒன்று அசையாவிட்டாலும், மரை வழுக்கினாலும் வேண்டாம். ஆணி புதிதாக வாங்கலாம், மரை வாங்க முடியாது.

சிந்தெடிக் டிராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகத் தடகள விதி. பல மைதானங்களில் அதைவிடச் சின்னதாகக் கேட்பார்கள், 6 மில்லிமீட்டர் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. இன்னொன்று, 200 மீட்டருக்கான ஸ்பைக்ஸ் முன்னால் விறைப்பாக இருக்கும். நீண்ட தூரத்துக்கானது வளையும், குதிகாலில் கொஞ்சம் ஃபோமும் இருக்கும். விற்பவர் எல்லாவற்றையும் ‘ஸ்பைக்ஸ்’ என்றுதான் சொல்வார், நீங்கள் வளைத்துப் பாருங்கள்.

கார்பன் பிளேட் போட்ட ரேஸ் ஷூ ஒண்ணு கைமாறி வருது, பாதி விலை. விட மனசு வரல.

2017-ல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை என்ற கார்பன் பிளேட் ஷூ வந்ததிலிருந்து இந்த ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் பழையதில் நான் தொட யோசிப்பது இதுதான். இந்த ஷூக்களின் ஃபோம் லேசாகவும் துள்ளலாகவும் இருப்பதற்கு விலையாக, சாதாரண ஷூவைவிடச் சீக்கிரம் துவண்டுவிடும். முதல் கேள்வியில் சொன்ன 500, 800 கணக்கு இதற்குப் பொருந்தாது. பிளேட் என்பது ஃபோமுக்குள் வைத்திருக்கும் விறைப்பான கார்பன் தகடு, அதில் விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. வளைக்கும்போது கடக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் சுலபமாக வளைந்தாலோ சந்தேகப்படுங்கள். இதெல்லாம் தாண்டி ஒரே ஒரு ரேஸுக்கு என்றால், பாதி விலைக்கு இல்லை, கால் விலைக்குக் கேளுங்கள்.

ஃபோன்ல போட்டோ போட்டு விக்கிறாரு, “50 கிலோமீட்டர்தான் ஓடினது”ன்றாரு. நம்பலாமா?

கேட்டுப் பார்க்கலாம். ஓடுகிறவர் என்றால் ஃபோன் செயலியில் கணக்கு இருக்கும், ஷூவாரியாகக் கிலோமீட்டரைப் பிரித்துக் காட்டும் செயலிகள் உண்டு. காட்டச் சொல்வதில் தப்பில்லை. கணக்கு இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் எடுத்த நான்கு போட்டோ கேளுங்கள்: அடிப்பாகம், பின்னாலிருந்து, நாக்கு லேபிள், இன்சோலை எடுத்தபின் உள்பக்கம். 50 கிலோமீட்டர் ஓடிய ஷூவில் அடி ரப்பரின் சின்னச் சின்ன வரிகூட அழியாமல் இருக்க வேண்டும். அடிப்பாகத்துப் போட்டோவை மட்டும் அனுப்பாமல் மேல்பக்கத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினால் பதில் கிடைத்துவிட்டது.

முன்பணம் அனுப்பாதீர்கள். மெட்ரோ ஸ்டேஷன் வாசல் போல ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தித்து, கட்டைவிரல் சோதனையைச் செய்துவிட்டு, இரண்டையும் போட்டுக்கொண்டு இருபது அடியாவது ஓடிப் பாருங்கள். விம்கோ நகரோ தண்டையார்பேட்டையோ, எங்கேயானாலும் கொஞ்சம் நடைபாதை கிடைக்கும். ஓடிப் பார்க்க விடாமல் காசைக் கேட்டால் சாக்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.